ஒட்டாவிட்டால் தாண்டிப் போ

ஜூன் 9

அக்காவுக்கு,

இரண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க மனம் வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது.

பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போனபோதுகூட அவர் அவராகத்தான் இருந்தார். நீ இருபது நாள் லீவில் வந்து, அவருடைய பழைய கம்ப்யூட்டரில் டெர்மினல் என்று நீ சொல்கிற உன் எழுத்து நிரலைப் போட்டுக்கொடுத்துவிட்டுப் போனாயே, அந்தக் கறுப்புத் திரையில் இடதுகை ஒற்றை விரலால் தட்டித் தட்டி எல்லாம் சொன்னார். தலையணை உயரம் போதவில்லை என்பார். செய்தித்தாளில் மூன்றாம் பக்கம் சந்திப்பிழை என்பார். முப்பத்தைந்து வருஷம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவர் வேறு எப்படி இருப்பார்?

போன மாதம் இருபத்தாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, திடீரென்று உளற ஆரம்பித்தார். வாயால் இல்லை, விரலால். நான் பொய் சொல்வதாக நீ நினைக்கக்கூடாது என்று ஒரு வரியை அப்படியே பார்த்து எழுதிவைத்தேன்:

ககககாாாலலல் வவவலலலிிி பபபாாாரரர்

நாள் முழுவதும் இதே மாதிரி. நான் தலையாட்டாவிட்டால் கீபோர்டைக் குத்துவார். பகலில் பார்த்துக்கொள்ள வந்த அம்மாள் மேல் கை ஓங்கிவிட்டார். “குழந்தையின்னா அடிச்சாத் தாங்கலாம், இவரு கைப்பிடி இரும்பா இருக்கு தம்பி”ன்னு சொல்லிவிட்டு அந்த அம்மாள் நின்றுவிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர், மூளையில் இன்னொரு சின்ன அடைப்பு வந்திருக்கலாம், இனி இப்படித்தான் இருப்பார் என்றார். திரையைப் பார்த்து அவர் அழுவதை என்னால் சகிக்க முடியவில்லை. முப்பத்தொன்றாம் தேதி கீபோர்டைப் பிடுங்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அதன்பிறகு கொஞ்சம் அடங்கினார். இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

அன்றைக்கு நீ முதியோர் இல்லம் என்று பேச்செடுத்தபோது, “பெத்த அப்பனைத் தள்ளிவிடச் சொல்றியா? இனி இந்த வாசப்படி மிதிக்காத”ன்னு கத்தினேன். கத்தியவன் நான்தான். இப்போது அதே இல்லத்தின் விண்ணப்பத்தை இத்துடன் அனுப்புகிறவனும் நான்தான். பிள்ளைகள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டு அனுப்பு. வேண்டுமானால் சிரித்துக்கொள்.

தம்பி

*

ஜூன் 9

தம்பி,

உன் மின்னஞ்சல் வந்து பத்து நிமிஷம் ஆகிறது. நான்கு முறை கூப்பிட்டேன். முதல் மணியிலேயே அறுந்துபோகிறது. என் எண்ணைத் தடுத்துவைத்திருக்கிறாய் போலிருக்கிறது. போகட்டும்.

இதைப் படித்ததும் எழுந்து போய் அப்பாவின் காலைப் பார். இரண்டு கால்களையும் பார். சாக்ஸ் போட்டிருந்தால் கழற்று. கத்தினாலும் கழற்று.

நீ பார்த்து எழுதிய வரியை மறுபடி படி. கை நடுங்குகிறவர் ஒரு விசையை ஒருமுறை அமுக்க நினைத்தால் அது மூன்று நான்கு முறை அமுங்கும். ஒவ்வொரு எழுத்தையும் ஒன்றாக்கிப் படி.

கால் வலி பார்.

அவருக்குப் புத்தி கலங்கவில்லை. கீபோர்டை உடனே திருப்பிக் கொடு. எத்தனை எழுத்து விழுந்தாலும் கொடு. காலைப் பார்த்துவிட்டு, திரையில் ‘பதிப்பு’ என்று தட்டினால் ஓர் எண் வரும். அதை எனக்கு எழுது. முதலில் கால்.

அக்கா

*

ஜூன் 11

அக்கா,

உன் கடிதத்தை மறுநாள் காலையில்தான் பார்த்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இடது கால். நன்றாக இருந்த பக்கம். குதிகால் கருத்து, ஓரத்தில் பிளந்து, சாக்ஸின் நூல் சதையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வாரமாகக் காலைத் தொட்டாலே உதைத்தார். அவருக்குக் குளிர் ஆகாதே, சாக்ஸோடே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, மேலே மட்டும் ஈரத்துணியால் துடைத்தேன். அறையில் ஒரு வாடை வந்தது. படுக்கையை மாற்றினேன். காலை நினைக்கவில்லை. சர்க்கரை நோயாளியின் காலைத் தினமும் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும்.

ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். அறுவை டாக்டரம்மா காலை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுக் கேட்டார், “ரெண்டு வாரமா வலிச்சிருக்குமே. ஒரு வார்த்தை சொல்லலையா இவரு?”

“சொன்னார்”னேன்.

“அப்புறம்?”

நான் குனிந்து கட்டிலடியில் கிடந்த சாக்ஸை எடுத்தேன். அவர் சீட்டில் எதையோ எழுதிக்கொண்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

ரத்த ஓட்டம் முழங்காலுக்குக் கீழே நின்றுவிட்டதாம். மருந்து ஏற்றுகிறார்கள். பத்து நாள் முன்னால் வந்திருந்தால் குதிகாலோடு போயிருக்கும் என்று நர்ஸ் இன்னொரு நர்ஸிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

நீ கேட்ட எண் 4.0. கம்ப்யூட்டரின் பக்கத்தில் அப்பா ஒரு சீட்டு ஒட்டிவைத்திருக்கிறார், அதில் 3.2 என்று இருக்கிறது. இந்த வித்தியாசத்துக்கு என்ன அர்த்தம்? நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். எனக்குப் புரிகிற மாதிரி சொல். அந்தப் பெட்டிக்கு என்னதான் ஆயிற்று?

தம்பி

*

ஜூன் 12

தம்பி,

இந்தக் கடிதத்தை நேற்றிலிருந்து எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

அந்த டெர்மினலை நானும் இன்னும் ஐந்து பேரும் சேர்ந்து பராமரிக்கிறோம். எங்களுக்கு ஒரு கொள்கை உண்டு. நடுவில் இருப்பது சின்னதாக, எளிதாக இருக்க வேண்டும். கூடுதல் வசதி எது வேண்டுமென்றாலும் அதைத் தனித் துண்டாக எழுதிவைப்போம். வேண்டியவர் எடுத்துத் தன் கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்வார், வேண்டாதவர் விட்டுவிடுவார். நாங்கள் பேட்ச் என்போம். ‘ஒட்டு என்று ஒரு நல்ல சொல் இருக்கும்போது என்ன பேட்ச்?’ என்று திரையில் தட்டித் திருத்தியவர் அப்பா.

அவருக்கு மூன்று ஒட்டு போட்டேன். ஒன்று, எழுத்தைப் பெரிதாக்க. இரண்டாவது, கொம்பும் காலும் சிதறாமல் எழுத்தோடு சேர்ந்து நிற்க. மூன்றாவது கை நடுக்கத்துக்கு. ஒரே விசை அரை நொடிக்குள் மறுபடி அமுங்கினால் அதைக் கண்டுகொள்ளாதே என்பதுதான் அந்த ஒட்டு. அதனால்தான் அவர் எழுத்து அத்தனை சுத்தமாக இருந்தது.

ஒட்டு என்பது பெரிய மந்திரம் இல்லை. ‘இந்த வரிக்கும் அந்த வரிக்கும் நடுவே இதைச் சேர்’ என்று சொல்கிற ஒரு குறிப்பு, அவ்வளவுதான். மே மாதம் நாலாம் பதிப்பு வெளியிட்டோம். விசைகளைக் கவனிக்கிற பகுதியை முழுக்க மாற்றி எழுதினோம். மாற்றியது நான். நடுக்கத்துக்கான ஒட்டு தேடிய வரிகள் அங்கே இல்லாமல் போயின. ஃப்ரேமை மாற்றிவிட்டுப் பழைய லென்ஸைச் செருகுகிற மாதிரி. மற்ற இரண்டும் பொருந்திவிட்டன. எழுத்து பெரிதாகவே இருந்தது, சேர்ந்தே நின்றது. திரை பழையபடிதான் இருந்தது. உனக்கு எப்படித் தெரியும்? கண்டுபிடிக்க வழியே இல்லை.

ஆனால் கம்ப்யூட்டருக்குத் தெரியும். லென்ஸ் உட்காராவிட்டால் உன் விரலுக்குத் தெரிகிற மாதிரி, அதுவும் ‘ஒட்டவில்லை’ என்று சொல்லி நின்றுவிடும். அதுதான் முறை. அப்பாவுடையது நிற்கவில்லை. நிற்கக்கூடாது என்று நான் எழுதிவைத்திருந்தேன்.

அன்றைக்கு நாம் சண்டை போட்டுவிட்டு நான் துணிப்பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன். இனி இந்த வீட்டுக்கு வருவேனோ மாட்டேனோ என்று இருந்தது. கம்ப்யூட்டர் தானாகவே புதுப்பித்துக்கொள்ளட்டும், ஞாயிறுதோறும் புதிய பதிப்பு இருந்தால் எடுத்து, மூன்று ஒட்டையும் தானே போட்டுக்கொள்ளட்டும் என்று ஒரு சின்ன நிரலை அவசரமாக எழுதினேன். நடுவில் தவறு வந்து சிவப்பு எழுத்தைக் காட்டி நின்றுவிட்டால், அப்பா பயந்துபோவார், நீ என்னைத் திட்டுவாய். அதனால் ஒரு வரி சேர்த்தேன். ஒட்டாவிட்டால் தாண்டிப் போ.

வெளியீட்டுக் குறிப்பில், ‘பழைய ஒட்டுகள் சில இந்தப் பதிப்பில் பொருந்தா, புதுப்பிக்கும் முன் சரிபார்க்கவும்’ என்று நானே எழுதினேன். ஊருக்கு உபதேசம். எங்கேயோ இருக்கிற முன்பின் தெரியாத ஆயிரம் பேரை நினைத்து எழுதினேன். நம் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருப்பது நினைவுக்கு வரவே இல்லை.

புதிய பதிப்புக்குப் பொருந்துகிற மாதிரி ஒட்டைத் திருத்தி இத்துடன் அனுப்புகிறேன். மேசை விளிம்பில் கையை ஆட்டிக்கொண்டே நாற்பது வரி தட்டிப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட இரண்டாக விழவில்லை. கம்ப்யூட்டரை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போ. கோப்பை அதில் வைத்துவிட்டு ‘ஒட்டு’ என்று தட்டு. ஏதாவது கோளாறு செய்தால் ‘நீக்கு’ என்று தட்டு, வெளியே வந்துவிடும். இந்தத் தடவை ஒட்டாவிட்டால் சொல்லும்.

உன் தப்பு இல்லை. இதை நான் எத்தனை முறை எழுதினாலும் நீ நம்பப்போவதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

அக்கா

*

ஜூன் 15

அக்கா,

ஒட்டிவிட்டது.

கட்டில் மேல் வைக்கிற சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை வைத்து, கீபோர்டை அவர் மடியில் வைத்தேன். தொடவே மாட்டேன் என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அப்பா, சரியாயிடுச்சு. அக்கா சரி பண்ணி அனுப்பியிருக்கா. ஒரே ஒரு எழுத்து தட்டிப் பாருங்க”ன்னேன். ரொம்ப நேரம் கழித்து விரலை எடுத்து வைத்தார். ஒரு ‘எ’ விழுந்தது. ஒன்றே ஒன்று. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடகடவென்று, அதாவது அவருடைய கடகட:

என் கண்ணாடி எங்கே

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். கண்ணாடிக் கடைக்காரன் அப்பனுக்குக் கண்ணாடி இல்லை.

அடுத்தது கேட்டார்: ஏன் பூட்டி வைத்தாய்

எல்லாம் சொன்னேன். உளறுகிறீர்கள் என்று நினைத்தேன் என்று சொன்னேன். உன் பதிப்பு, ஒட்டு, தாண்டிப் போ எல்லாம் சொன்னேன். நடுவில் நிறுத்தவில்லை. கேட்டு முடித்துவிட்டு, இரண்டு பேரும் சாப்பிட்டீர்களா என்று தட்டினார். நீ எங்கேயோ இருக்கிறாய் என்பதை மறந்துவிட்டாரோ என்று பார்த்தேன். இல்லை, வேண்டுமென்றேதான் கேட்டார்.

இப்போது கெட்ட செய்தி. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு. எடுக்காவிட்டால் விஷம் ரத்தத்தில் ஏறும். பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரம். டாக்டரம்மா கட்டில் ஓரம் உட்கார்ந்து பொறுமையாக எல்லாம் சொன்னார். அப்பாவும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே சொல் தட்டினார்.

வேண்டாம்

நீ ஏதாவது எழுது. நீ சொன்னால் கேட்பார்.

தம்பி

*

ஜூன் 16

தம்பி,

பத்தொன்பதாம் தேதி காலை வந்துவிடுவேன். அதற்கு முன்னால் இடம் கிடைக்கவில்லை. கீழே இருப்பதை அப்பாவுக்குப் படித்துக் காட்டு. கண்ணாடி கொண்டுபோயிருந்தால் அவரே படிக்கட்டும்.

அப்பா, நான்தான். உங்களை இரண்டு வாரம் ஊமையாக்கியது நான். அதற்கு எனக்கு எந்தத் தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். இந்தத் தண்டனை வேண்டாம். காலை எடுக்க ஒப்புக்கொள்ளுங்கள். நீங்கள் உட்கார்ந்து தட்டுவதற்குக் கால் தேவையில்லை. விரல் ஒன்று போதும். நான் வேலையை விட்டுவிட்டு வருகிறேன். தினமும் நீங்கள் சொல்கிற பிழையையெல்லாம் குறித்துக்கொண்டு பக்கத்திலேயே இருக்கிறேன். இரண்டு வருஷம் வராததற்குக் காரணம் கேட்காதீர்கள். வீம்பு. அவ்வளவுதான்.

அக்கா

*

ஜூன் 17

அக்கா,

படித்தார். இரண்டு தடவை. உன் கடிதத்தில் ஒரு சந்திப்பிழை இருந்ததாம், அதைச் சொன்னார். பிறகு இதைத் தட்டினார். தட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அப்படியே அனுப்புகிறேன்:

“தண்டனை யாருக்கும் இல்லை. பேச்சை எடுத்தார்கள். வலது கையை எடுத்தார்கள். இருப்பதை வைத்துப் படித்துப் பார்த்தேன், பொருள் வந்தது. இதற்கு மேல் சுருக்கினால் பொருள் கெட்டுவிடும். எழுதியவனுக்கு அது தெரியும். இரண்டு வாரம் கத்தினேன், யாருக்கும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறது அல்லவா. கேளுங்கள். வேலையை விடாதே. சும்மா வா.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி கெஞ்சினேன். தலையைத் தடவிக்கொடுத்தார். அவ்வளவுதான்.

அக்கா, ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நாளை காலை பத்து மணிக்கு ஒரு மனநல டாக்டர் வருகிறார். அப்பா சுயபுத்தியோடுதான் மறுக்கிறாரா என்று அவர் சோதிப்பார். ஆமாம் என்றால் அப்பா சொல்வதுதான் முடிவு. தெளிவு இல்லை என்று எழுதிவிட்டால், கையெழுத்துப் போட வேண்டியவன் நான். அன்றைக்கே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவார்கள்.

அந்த ஒட்டு இல்லாவிட்டால் அவர் தட்டுவது உளறலாகத்தான் தெரியும். எனக்கே தெரியவில்லை, டாக்டருக்கு எப்படித் தெரியும்? ஒரே ஒரு மணி நேரம். நான் சொல்ல வருவது உனக்குப் புரியும். கால் போனாலும் அப்பா இருப்பார். என்மேல் கோபமாகவாவது இருப்பார்.

சொல். நீக்கட்டுமா?

தம்பி

*

ஜூன் 17

தம்பி,

வேண்டாம்.

நான் தெரியாமல் செய்ததை நீ தெரிந்து செய்யாதே. அவர் சொல்வதைக் கேட்க வேண்டும், அது பிடிக்காத பேச்சாக இருந்தாலும். எனக்கும் பிடிக்கவில்லை.

நாளை மறுநாள் வருகிறேன்.

அக்கா

*

ஜூலை 20

தம்பி,

ஊர் திரும்பிப் பதினைந்து நாள் ஆகிறது. நீ தனியாக அந்த வீட்டில் எப்படி இருக்கிறாய்? நான் இங்கே கதவைத் திறந்ததும் அறையில் போட்டது போட்டபடி கிடந்தது. கழுவாத டம்ளரில் பூஞ்சை. அவசரமாகக் கிளம்பியவளின் அறை. அந்தப் பெண்ணுக்கு இன்னும் அப்பா இருந்தார் என்று தோன்றியது.

கடைசி எட்டு நாள் அவரோடு இருக்கக் கிடைத்தது. அதை யோசிக்காமல் இருக்க முடியவில்லை. வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்தோமே, அது நல்லது. இருபத்தைந்தாம் தேதிக்குப் பிறகு அவர் தட்டவில்லை. கீபோர்டின் மேல் கையை வைத்துக்கொண்டு மட்டும் இருந்தார். இருபத்தேழாம் தேதி காலையில் நீ அவருக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தாய், நான் ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. நீதான் முதலில் “அக்கா”ன்னு கூப்பிட்டாய். அந்தக் குரல் இன்னும் கேட்கிறது.

வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். போன வாரம் 4.1 பதிப்பு வெளியானது. அதில் நான் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று. அப்பாவுக்காக எழுதிய அந்தப் புதுப்பிக்கும் நிரலைத்தான் பிறகு எல்லோருக்கும் கொடுத்திருந்தோம். அது இனி எந்த ஒட்டையும் சத்தமில்லாமல் தாண்டிப் போகாது. ஒட்டாவிட்டால் நின்றுவிடும், எந்த ஒட்டு, எதனால் என்று எல்லோருக்கும் புரிகிற மொழியில் சொல்லும், பழைய பதிப்பையே திருப்பி வைத்துவிடும். குழுவில் ஒருவர் சண்டைக்கு வந்தார். “பாதியில நின்னா ஆளுங்க கத்துவாங்க. இத்தனை நாள் ஓடிட்டுதானே இருந்துச்சு?” என்றார். “கத்தட்டும்”னேன். “கத்தினா நமக்குக் கேட்கும்.” என் குரல் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கும்.

இரண்டு நாளில் ஒரு பெண் எழுதியிருக்கிறாள். அவள் கணவருக்கும் கை நடுக்கமாம். மே மாதத்திலிருந்து அவர் எழுதுவதை நிறுத்திவிட்டாராம், நோய் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார்களாம். ‘இப்போது திரையில் செய்தி வந்தது, ஒட்டைப் போட்டோம், எழுதுகிறார்’ என்று நன்றி சொல்லியிருக்கிறாள். எனக்கு அந்த நன்றியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பதில் எழுதவில்லை இன்னும்.

சாப்பிடு. எழுது.

அக்கா

*

ஆகஸ்ட் 4

அக்கா,

நீ எழுதச் சொல்லியும் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. எதை எழுதினாலும் இதை எழுதாமல் விட்டால் அது பொய்யாகிவிடும் என்று தோன்றியது.

ஜூன் பதினெட்டாம் தேதி நான் நீக்கினேன்.

உன் கடிதத்தைப் படித்த பிறகுதான். வேண்டாம் என்று நீ எழுதியதை இரண்டு முறை படித்துவிட்டு, அப்பாவை நர்ஸ் ஸ்கேன் எடுக்கத் தள்ளிக்கொண்டு போயிருந்தபோது, அந்தச் சொல்லைத் தட்டினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. மூன்றெழுத்துத்தானே.

பத்து மணிக்கு மனநல டாக்டர் வந்தார். வயதானவர், நல்ல மனுஷர். “ஐயா, இது எந்த மாசம்னு சொல்லுங்க பார்க்கலாம்”ன்னார். அப்பா தட்டினார். திரையில் ‘ஜஜஜூூூனனன’ என்று விழுந்தது. அப்பா நிறுத்தினார். திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன் அக்கா. கோபம் இல்லை. ஒரு பக்கத்தில் பிழையைக் கண்டுபிடித்துவிட்டு, யார் அச்சுக் கோத்த பக்கம் என்று கண்ணை உயர்த்துவாரே, அந்தப் பார்வை. பிறகு கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். மேற்கொண்டு தட்டிப் பார்க்கக்கூட இல்லை. முடிவை என்னிடம் விட்டுவிட்டார்.

டாக்டர் கொஞ்சம் காத்திருந்தார். “குழப்பம் இருக்கு போலத் தெரியுது”ன்னு சொல்லிப் பேனாவைத் திறந்தார். நான் நினைத்தபடியே எல்லாம் நடந்துகொண்டிருந்தது. இன்னும் அரை நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். இன்றைக்கு அப்பா இருந்திருப்பார்.

“டாக்டர், மெஷின்ல கோளாறு. ரெண்டு நிமிஷம் குடுங்க”ன்னேன்.

‘ஒட்டு’ என்று தட்ட என் விரலுக்கு நான்கு முறை தப்பிப்போயிற்று. அதன்பிறகு அப்பா மாதம், தேதி, கிழமை எல்லாம் தட்டினார். காலை எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் கேட்டதற்கு, இறந்துவிடுவேன் என்று தெளிவாகத் தட்டினார். டாக்டர் கையில் இருந்த படிவத்தைத் தலைகீழாகவே படித்து, அதில் ஓர் எழுத்துப்பிழை என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். “இவருக்கு என்னைவிடத் தெளிவா இருக்கு”ன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். அப்பா தட்டினார்: அக்காவிடம் சொல்லாதே. நான் படித்துவிட்டேனா என்று பார்த்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தானே அழித்தார்.

சொல்லாதே என்றார், சொல்லிவிட்டேன். நான் நீக்கியது தப்பு என்று தெரியும். திருப்பி ஒட்டியதும் தப்போ என்று தினமும் கடையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே யோசிக்கிறேன். எது என்று எனக்குத் தெரியவில்லை அக்கா.

தம்பி

*

ஆகஸ்ட் 5

தம்பி,

எனக்குத் தெரியும். வந்த அன்றே தெரியும்.

எதை எப்போது போட்டோம், எப்போது எடுத்தோம் என்று அந்த டெர்மினல் ஒரு பதிவு வைத்துக்கொள்ளும். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் திறந்தேன். ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு நீக்கம். பத்து இருபத்தொன்றுக்கு ஒட்டு. முதலில் எனக்கு வந்தது கோபம்தான். உன்னைத் தேடிக்கொண்டு வெளியே வந்தேன். நீ நடைபாதை நாற்காலியில், சுவரில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாய். மடியில் அப்பாவின் துவைத்த சட்டைகள். மேல் சட்டையின் காலரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாய். நான் திரும்பி உள்ளே போய்விட்டேன். அப்பாவும் நானும் அதைப் பற்றி ஒரு சொல் தட்டிக்கொள்ளவில்லை. அவர் என்னிடம் மறைத்தார், நான் அவரிடம் மறைத்தேன்.

நீ சொன்ன பிறகு நானும் சொல்ல வேண்டும்.

வேண்டாம் என்று உனக்கு எழுதினேன் அல்லவா. எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன். நீ கேட்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து உன்னைப் பார்க்கிறேன். ‘நீக்கு’ என்ற கட்டளையை வேலை செய்யாமல் ஆக்குவதற்கு ஒரு திருத்தம் எழுதினேன். இரண்டே வரி. திருத்திய ஒட்டோடு, இனி ஞாயிறுக்குக் காத்திருக்காதபடி மாற்றிவைத்திருந்தேன், அனுப்பினால் அப்பாவின் கம்ப்யூட்டர் ஐந்து நிமிஷத்தில் அதை எடுத்துக்கொள்ளும். உன்னால் எதையும் நீக்க முடியாமல் போயிருக்கும்.

சோதித்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. அனுப்புவதற்குக் கையை வைத்தேன்.

அனுப்பவில்லை. அப்படியே மூடிவைத்துவிட்டு விடியும்வரை காத்திருந்தேன், நீ நீக்கிவிட மாட்டாயா என்ற ஆசையோடு.

அக்கா